விருப்பம்போல் தண்ணீர்

1

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: எலிகளுக்கு உணவும் தண்ணீரும் விருப்பம்போல் வழங்கப்பட்டன.

சிறுநீரக நோய்க்கும் இதய நோய்க்கும் மருந்து தேடும் ஆய்வறிக்கைகளில் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். ‘அட் லிபிடம்’ என்று லத்தீனில் போடுவார்கள். ‘ஆய்வு முறைகள்’ என்ற தலைப்பின் கீழ், எலி எந்த வம்சம், எத்தனை வாரம் வயது, அறை வெப்பம் சுமார் 22 டிகிரி, பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்கிற பட்டியலோடு சேர்ந்து வரும். வாசிக்கிறவர்கள் அதைத் தாண்டி முடிவுகளுக்குப் போய்விடுவார்கள். எழுதியவர்களும் அதை யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள். யாரும் யோசிக்காமல் எழுதுகிற, யாரும் நின்று வாசிக்காத வாக்கியங்களில்தான் ஒரு சொல்லாடலின் அஸ்திவாரம் கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாதது அல்ல. சிறுகதையிலும் நாவலிலும் இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தோண்டி எடுத்து சாதியையும் ஆணாதிக்கத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டப் பழகியிருக்கிறோம். விஞ்ஞான அறிக்கை என்றால் மட்டும் ‘அது நிபுணர் சமாச்சாரம்’ என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறோம்.

‘இலக்கியக்காரனுக்கு எலி எதுக்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் காலையில் விழுங்கப்படுகிற இரத்த அழுத்த மாத்திரை, டயாலிஸிஸுக்குப் போய்வரும் பெரியப்பாவுக்கு எழுதித் தருகிற மாத்திரை, இவை எல்லாமே மனித உடலுக்கு வருவதற்கு முன்னால் வேறொரு உடலில் எழுதிப் பார்க்கப்பட்டவை. அந்த முன்கட்டத்துக்குப் பெயர் ‘ப்ரீகிளினிக்கல்’. மருந்து மனிதருக்குப் போவதற்கு முன், செல்களிலும் எலிகளிலும் நாய்களிலும் குரங்குகளிலும் நடக்கிற ஆய்வு. எது நோய், எது காரணம், எது குணம் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. மனிதருக்கு வரும்போது, முடிவாகிப்போன கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்கிற வேலை மட்டும்தான் மிச்சம். ஆகவே அந்தக் கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பது நம் வேலையும்தான்.

முதலில் மொழி. அறிக்கை முழுக்கச் செயப்பாட்டுவினை. எடுக்கப்பட்டது, செலுத்தப்பட்டது, அளக்கப்பட்டது. பேச்சுத் தமிழில் ‘படு’ போட்டு நாம் பேசுவதில்லை. ‘சோறு சாப்பிடப்பட்டது’ என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. சர்க்கார் உத்தரவும் போலீஸ் அறிக்கையும்தான் அப்படிப் பேசும். ‘துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது’ என்றால் சுட்டவன் காணாமல் போய்விடுகிறான். ஆய்வறிக்கையிலும் அதே கதை. எலியைக் கொன்றதைச் சொல்ல ஆங்கிலத்தில் வழக்கமாக வருகிற வினை தமிழில் ‘பலியிடப்பட்டன’ என்றாகும். பலி என்றால் சாமி யார், வரம் யாருக்கு என்று கேட்கத் தோன்றும். அறிக்கையில் அதற்கு இடமில்லை.

2

சோதனை எலி காட்டிலோ வயலிலோ பிடித்துவந்த எலி அல்ல. அது செய்யப்பட்ட உடல். மூன்று உடல்களைப் பார்க்கலாம்.

முதல் உடல் ஜப்பானில் கியோட்டோவில் செய்யப்பட்டது. ஒக்கமோட்டோ, அவோக்கி என்ற இருவர் 1963இல் அதை அறிவித்தார்கள். விஸ்டார் இனத்து எலிகளில் இரத்த அழுத்தம் கூடியவற்றைப் பொறுக்கி எடுத்து, அண்ணனையும் தங்கையையும் இணைசேர்த்து, பிறந்த குட்டிகளில் அழுத்தம் கூடியவற்றை மறுபடி பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக அப்படியே செய்து ஒரு வம்சத்தை உண்டாக்கினார்கள். அதற்கு வைத்த பெயரைத் தமிழில் ‘தானாகவே இரத்த அழுத்தம் கூடிய எலி’ என்று சொல்லலாம். தானாகவே! ஒரு கூட்டத்தைத் தனியே அடைத்து வைத்து, அதற்குள்ளேயே கலக்கவிட்டு, இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு, விளைவுக்கு மட்டும் ‘தானாகவே’ என்று பெயர் வைப்பது நமக்குப் பழகிய தந்திரம்தான். அகமணத்தால் கட்டிக்காத்த சாதியை ‘பிறப்பிலேயே வந்தது’ என்று சொல்வதும் இந்த இலக்கணத்தில்தான்.

இரண்டாவது உடல் அமெரிக்காவில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. லூயிஸ் டால் என்பவர் 1960களின் தொடக்கத்தில் எலிகளுக்கு உப்பை அள்ளிக் கொடுத்துப் பார்த்தார். சிலவற்றுக்கு அழுத்தம் ஏறியது, சிலவற்றுக்கு ஏறவில்லை. ஏறியதை ஒரு பக்கமும் ஏறாததை இன்னொரு பக்கமும் பிரித்து வளர்த்து, உப்புக்கு மசியும் எலி, மசியாத எலி என்று இரண்டு வம்சங்களை உண்டாக்கினார். ஒரே உப்பு எல்லா உடலையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை என்று காட்டியது பெரிய விஷயம்தான். ஆனால் அதன் பிறகு கேள்வி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கவனிக்க வேண்டும். சாப்பாட்டில் இவ்வளவு உப்பைப் போடுவது யார், பாக்கெட் உணவு விற்பது யார் என்ற கேள்வியை விட, எந்த ஜீன் மசிகிறது என்ற கேள்விக்கே அதிகக் காசும் அதிகக் கூண்டும் கிடைத்தன.

மூன்றாவது உடல் கத்தியால் செய்யப்படுகிறது. எலியின் ஒரு சிறுநீரகத்தை முழுசாக எடுத்துவிடுவார்கள். இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியோ, இரத்தக்குழாயைக் கட்டியோ செயலிழக்க வைப்பார்கள். ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. மிச்சமிருக்கிற ஒரு பங்கு முழு உடலின் பாரத்தையும் சுமக்கிறது. அழுத்தம் கூடுகிறது, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, வடிகட்டும் நுண்முடிச்சுகள் தழும்பாகி இறுகுகின்றன. நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இது ஒரு மாதிரி. மாதிரி என்றால் உருவகம். எந்த உருவகமும் ஒன்றைக் காட்டுவதற்காக இன்னொன்றை மறைக்கும். மனிதருக்கு நோய் முப்பது வருஷத்தில் வருகிறது, எலிக்கு ஒரே வாரத்தில் கத்தியால் வருகிறது. இந்த உருவகம் வேலை செய்வதும் எல்லா எலியிலும் இல்லை. ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குகிற ஒரு கறுப்புச் சுண்டெலி வம்சத்துக்கு இப்படி வெட்டினாலும் பெரிதாகத் தழும்பு விழுவதில்லை. அப்போது ஆய்வாளர் வம்சத்தை மாற்றுகிறார். நோய் வராத உடல் ‘பொருத்தமற்ற மாதிரி’ ஆகிவிடுகிறது. ஏன் அதற்கு வரவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் மருந்தைச் சோதிக்கிற அவசரத்தில் அந்தக் கேள்வி ஓரத்துக்குப் போய்விடும்.

அறை வெப்பத்தையும் விட்டுவிட வேண்டாம். சுண்டெலிக்கு உடம்பு சிரமப்படாமல் இருக்க 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இருப்பது 22. அது கோட்டு போட்ட மனிதருக்கு வசதியான குளிர். அந்தக் குளிரில் சுண்டெலி தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே ஓயாமல் உழைக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, அழுத்தமும் கூடுகிறது. அதாவது ‘இயல்பு நிலை’ என்று குறித்துக்கொள்வதே ஏற்கனவே குளிரில் நடுங்குகிற ஓர் உடலின் நிலை. யாருடைய வசதிக்கு ஏற்ப இயல்பு தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சின்ன, தெளிவான உதாரணம் கிடைக்காது.

3

இவ்வளவு சொன்னதும் நம் ஆட்களில் சிலர் குஷியாகி, ‘பார்த்தீங்களா, மேற்கத்திய விஞ்ஞானமே பித்தலாட்டம்’ என்று கிளம்பிவிடுவார்கள். அடுத்த நிமிஷம் பாட்டி வைத்தியம், முனிவர் ஏடு என்று போய் நிற்பார்கள். அந்த வண்டியில் நான் ஏறத் தயாராக இல்லை.

கேப்டோப்ரில் மருந்தின் கதையைப் பார்ப்போம். பிரேசிலில் ‘ஜரராகா’ என்று ஒரு விஷப்பாம்பு இருக்கிறது. அங்கே பாம்புக்கடியில் பெரும்பங்கு இந்த இனத்தாலும் இதன் சொந்தங்களாலும் நடப்பது. கடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக் கூலிகள், விவசாயிகள். அந்த விஷத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ரோஷா இ சில்வாவும் அவருடைய கூட்டாளிகளும் இரத்தக்குழாயைத் தளரவைக்கும் ‘பிராடிகைனின்’ என்ற பொருளைக் கண்டு 1949இல் வெளியிட்டார்கள். 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா, பிராடிகைனினின் வேலையைப் பெருக்குகிற ஒரு பொருள் அதே விஷத்தில் இருப்பதைக் கண்டு, லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்கு அதை எடுத்துப்போனார். அங்கிருந்து அந்தப் பாதை அமெரிக்காவில் ஸ்குவிப் கம்பெனிக்குப் போனது. குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர் விஷத்தின் வேலையைச் செய்கிற, ஆனால் வாயால் விழுங்கக்கூடிய ஒரு சின்ன மூலக்கூறை வடிவமைத்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பிறகு, நாம் மேலே பார்த்த அந்த வெட்டுப்பட்ட எலியின் முறை. 1980களில் பாஸ்டனில் ப்ரென்னர் குழுவினர், இந்த வகை மருந்து வெட்டு எலியின் மிச்சச் சிறுநீரகத்தைத் தழும்பாகாமல் காப்பதைக் காட்டினார்கள். 1993இல் வெளியான மனிதச் சோதனையில், நீரிழிவால் சிறுநீரகம் பாதித்த 409 பேரிடம், மரணமோ டயாலிஸிஸோ மாற்றுச் சிறுநீரகமோ என்கிற கட்டத்துக்குப் போகும் ஆபத்தைக் கேப்டோப்ரில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. எலி பொய் சொல்லவில்லை. கத்தியால் செய்த உருவகம் எத்தனையோ பேரை டயாலிஸிஸ் நாற்காலியிலிருந்து சில வருஷங்களாவது தள்ளி நிறுத்தியிருக்கிறது. இதை மறுத்துவிட்டு விமர்சனம் எழுதினால் அது விமர்சனம் அல்ல, வெறும் கோபம்.

என்றாலும் இந்தக் கதையை இரண்டாம் முறை வாசித்தால் ஒன்று தென்படும். பாம்பு விஷத்தை ஏன் ஆராய்ந்தார்கள்? வயலில் வேலை செய்கிறவர்களைப் பாம்பு கடித்ததால். ஆகவே கேள்வி வயலிலிருந்து வந்தது. பாதை நீளநீள வயல் உதிர்ந்துகொண்டே வந்தது. லண்டனில் அது ஒரு சாறு, நியூஜெர்சியில் ஒரு சூத்திரம், பாஸ்டனில் ஓர் எலிக்கான டோஸ், மருந்துக்கடையில் ஒரு விலை. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சுமையை இறக்கிவிட்டு ரயில் கிளம்புகிறது. கடிபட்ட கூலியாள் முதல் ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார். இது யாரோ ஒருவரின் கெட்ட எண்ணத்தால் நடந்தது அல்ல. பொதுமைப்படுத்துவதற்கு அதுதான் வழி என்று விஞ்ஞானம் சொல்லும். சரி. ஆனால் இறக்கிவிட்டதில் எது திரும்ப ஏற்றப்பட வேண்டும் என்று கேட்க யாருமில்லாமல் போனால் என்ன நடக்கும்?

4

எண் மட்டும் மிச்சமாகும்.

பார்டாக்சலோன் என்ற மருந்து. அதைக் கொடுத்தால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வீதம் கூடுகிறது என்று 2011இல் வெளியான சோதனை சொன்னது. சிறுநீரக நோயில் வீதம் இறங்கித்தான் பார்த்திருக்கிறோம், ஏறியதில்லை. அதனால் பெரிய எதிர்பார்ப்பு. அடுத்து 2185 பேரைச் சேர்த்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். 2012 அக்டோபரில் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் 96 பேர் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் அந்த எண்ணிக்கை 55. அப்போதும் வடிகட்டும் வீதம் என்னவோ ஏறித்தான் இருந்தது!

ஆறில் ஒரு பங்கு சிறுநீரகம் வைத்திருந்த எலியை நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பங்கின் ஒவ்வொரு முடிச்சும் அதிகமாக வடிகட்டியதுதான் அங்கே அழிவுக்கு வழி. ப்ரென்னர் குழுவின் எலிகள் கற்றுத்தந்த பாடமே அதுதான்: அதிகமாக உழைக்கிற முடிச்சு சீக்கிரம் சாகும். ஏறுகிற வீதம் ஆரோக்கியமா, கூடுதல் உழைப்பா என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. ஆலையில் உற்பத்தி ஏறுகிறது என்று கணக்கு காட்டினால், எந்திரம் நன்றாக இருக்கிறதா, ஆளைப் பிழிகிறார்களா என்று தொழிற்சங்கக்காரர்கள் கேட்போம் இல்லையா? அதே கேள்விதான். எண் எதற்குப் பதிலாக நிற்கிறதோ அதை மறக்கடிக்கும்போது அது பூசைக்குரிய பொருளாகிவிடுகிறது.

5

இப்போது வயலுக்குத் திரும்பலாம்.

நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளின் பசிபிக் கரைச் சமவெளியில் கரும்பு வெட்டுகிற ஆண்கள், பலர் முப்பது நாற்பது வயதைத் தாண்டாதவர்கள், சிறுநீரகம் சுருங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் கிடையாது, ஆரம்பத்தில் இரத்த அழுத்தமும் பெரிதாகக் கிடையாது. நிகராகுவாவின் சிச்சிகால்பாவில் ‘விதவைகளின் தீவு’ என்று பெயர் வாங்கிய ஒரு குடியிருப்பே இருக்கிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி மக்கள் ஆகியோரையும் இதேபோன்ற நோய் வாட்டுகிறது. மருத்துவம் இதற்கு வைத்த பெயர்: ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’.

இங்கேயும் ‘படு’. அறியப்படாத என்றால் யாரால்? வெக்கையில் தண்ணீரில்லாமல் வெட்டினால் தலை சுற்றும், மூத்திரம் மஞ்சளாகி எரியும், ராத்திரி கால் குரக்களி இழுக்கும் என்று வெட்டுகிறவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தது ‘அறிவு’ என்ற கணக்கில் வராது. வெக்கைதான் ஒரே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. பூச்சிமருந்து, குடிநீரிலுள்ள உலோகங்கள், சாம்பலும் தூசும் என்று பலவும் பேசப்படுகின்றன. ஊருக்கு ஊர் கலவை மாறலாம். இலங்கையில் நடக்கிற விவாதம் வேறு, நிகராகுவாவில் நடக்கிறது வேறு. ஆனால் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களைப் பொறுத்தவரை வெக்கையும் ஓய்வில்லாத உழைப்பும் முதல் வரிசையில் நிற்கின்றன.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சுண்டெலியில் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். சுண்டெலிகளை ஐந்து வாரம் பகலில் திரும்பத்திரும்ப வெக்கையில் வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பகல் முழுவதும் தண்ணீர் கிடைத்தது. இன்னொரு கூட்டத்துக்கு இரவில்தான். இரவில் மட்டும் குடித்தவற்றின் சிறுநீரகம் சேதமானது, அழற்சியும் தழும்பும் வந்தன. பகலில் குடிக்க முடிந்தவை பிழைத்தன. அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: வற்றிப்போன உடலில், சிறுநீரகத்துக்குள்ளேயே குளுக்கோஸ் ஃப்ரக்டோஸாக மாறுகிறது. அந்த ஃப்ரக்டோஸை உடைக்கிற ஒரு என்சைம்தான் சேதத்துக்கு வழி. அந்த என்சைம் இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகள் இரவில் மட்டும் குடித்தும் தப்பித்தன.

‘விருப்பம்போல் தண்ணீர்’ என்ற வாக்கியம், அறிக்கையின் அஸ்திவாரத்தில் அசையாமல் கிடந்த வாக்கியம், இங்கேதான் எழுந்து மேலே வருகிறது. எல்லாச் சோதனையிலும் மாறிலியாக இருந்தது இங்கே மாறியாகிவிட்டது. மாறியாக்கியதும் நோய் தெரிந்துவிட்டது. அதுவரை தண்ணீரும் நிழலும் ஓய்வும் எல்லா உடலுக்கும் கிடைப்பதாக வைத்துக்கொண்டுதான் சிறுநீரகத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். உலகத்தில் பாதிப்பேருக்குக் கிடைக்காததை ‘கட்டுப்படுத்தப்பட்ட சூழல்’ என்று வைத்துவிட்டு, அந்தச் சூழலில் தெரியாத நோய்க்குக் ‘காரணம் அறியப்படாதது’ என்று பெயரும் வைத்தோம்.

சரி, இந்தச் சோதனையிலிருந்து வெளியேற இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த என்சைமைத் தடுக்கிற மருந்து. இரண்டு, பகலில் தண்ணீர். முதல் வாசலுக்கு மூலக்கூறு, காப்புரிமை, சந்தை எல்லாம் உண்டு. இரண்டாவது வாசலுக்கு என்ன இருக்கிறது? தண்ணீருக்குக் காப்புரிமை எடுக்க முடியாது. நிழலுக்கு டோஸ் கிடையாது. அந்த ஆய்வாளர்களைக் குறைசொல்ல வரவில்லை. பூமி சூடாவதால் கிராமத்து உழைப்பாளிகளின் சிறுநீரகம் அழிகிறது என்று பிற்பாடு வெளிப்படையாக எழுதியவர்களும் அவர்கள்தான். தனிமனிதரின் மனசாட்சி பற்றியதல்ல என் கேள்வி. இரண்டு வாசலில் எதற்கு நிதி ஒதுக்கும் அமைப்பு நம்மிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

எல் சால்வடோரில் இரண்டாவது வாசலைத் திறந்துபார்த்தார்கள். 2014-15 அறுவடைக் காலத்தில் ஒரு தோட்டத்தில் வெட்டுகிறவர்களுக்கு முதுகில் சுமக்கிற தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழல் கூடாரம், நேரக் கணக்கில் ஓய்வு, கைக்கு வாகான வெட்டுக்கத்தி கொடுத்தார்கள். வெட்டின கரும்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது. இந்தத் தகவலைச் சந்தோஷமாகச் சொல்கிறபோதே நாக்கு கூசுகிறது. மனிதன் தண்ணீர் குடிக்கலாமா என்பதற்கும் டன் கணக்கில்தான் நியாயம் காட்ட வேண்டியிருக்கிறது.

தண்ணீர் என்றால் பாட்டில் அல்ல. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், குடிக்க நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் கூலியில் குறையும். வரப்பில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் அவன் குடிக்க மாட்டான். எலிக்குக் கிடைத்தது தண்ணீர் மட்டுமல்ல. விருப்பமும் கிடைத்தது. தாகம் எடுத்தபோது வேலையை விட்டுவிட்டுப் போய்க் குடிக்கிற சுதந்திரம். அட் லிபிடம் என்ற சொல்லில் கனமான பாதி அதுதான்.

6

நம் கடற்கரைக்கு வருவோம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பு வாருகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேலே வெயில், கீழே பாத்தியிலிருந்து கண்ணைக் கூசவைக்கிற எதிரொளி, காலடியில் உப்புநீர். தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் வீதம் இறங்கியிருக்கிறது என்றும் அது சொன்னது.

பெண்களின் நிலை இன்னும் மோசம். உப்பளத்தில் ஒதுங்க இடம் கிடையாது, கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு. குடத்தில் தண்ணீர் இருக்கிறது, தாகமும் இருக்கிறது, குடிக்கிற உரிமை இல்லை. கொலராடோவில் இரவில் மட்டும் குடித்த அந்தச் சுண்டெலிக் கூட்டத்தை நாம் இங்கே வருஷக்கணக்கில் நடத்திக்கொண்டிருக்கிறோம். இதற்கு எந்த அறநெறிக் குழுவின் அனுமதியையும் யாரும் கேட்கவில்லை.

இதை உவமைக்காகச் சொல்லவில்லை. எலிகளுக்கு நிஜமாகவே குழு இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் குழு ஒன்று, ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு அறநெறிக் குழு ஒன்று. கூண்டின் அளவு, வெப்பம், வெளிச்சம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். எலியிடமிருந்து பிடுங்கி மனிதனுக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. ஆனால் டால் தன் எலிகளுக்கு ஊட்டிய உப்பு எந்தக் கடற்கரையில் யார் வாரியது என்று யோசித்தால், இரண்டு உடல்களும் ஒரே சங்கிலியின் இரண்டு முனையில் நிற்பது தெரியும். ஒரு முனையில் உப்பு தின்கிற உடல் ஆராயப்படுகிறது. இன்னொரு முனையில் உப்பு விளைவிக்கிற உடல் ஆராயப்படாமலே கரைகிறது.

7

இப்போது எலியே வேண்டாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். இந்தியாவும் 2023இல் விதியைத் திருத்தி மாற்றுமுறைகளுக்கு இடம் கொடுத்தது. மனித செல்லிலிருந்து வளர்த்த குட்டிச் சிறுநீரகத் திசு, கண்ணாடிச் சில்லில் ஓடுகிற நுண்குழாய், கம்ப்யூட்டரில் ஓடுகிற இதயம் ஆகியவைதான் அந்த மாற்றுகள். விலங்குகளின் வலி குறையும் என்றால் வரவேற்க வேண்டியதுதான். மனித செல் என்பதால் சில கேள்விகளுக்கு எலியைவிட நல்ல பதிலும் கிடைக்கலாம்.

ஆனால் இது நம் கேள்விக்குப் பதிலாகாது. சில்லுக்குள் வெயில் கிடையாது. குட்டித் திசுவுக்குக் கங்காணி கிடையாது. கூண்டிலாவது ஓர் உடல் இருந்தது. அதற்குத் தாகம் இருந்தது. தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்க முடிந்தது. சில்லில் திரவம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே ‘விருப்பம்போல்’ என்ற வார்த்தையைக்கூட எழுதத் தேவையிருக்காது. சூழல் இன்னும் சுத்தமாக, இன்னும் கட்டுப்பாடாக, இன்னும் வரலாறு இல்லாமல் ஆகும். எலியை எடுத்துவிட்டு அதே கேள்வியை வைத்துக்கொண்டால், இறங்கிவிட்ட கூலியாள் இந்த ரயிலில் திரும்ப ஏற வழியே இல்லை.

அப்படியென்றால் நாம் கேட்க வேண்டியது என்ன? மருந்து வேண்டாம் என்பதல்ல. காப்புரிமை முடிந்து மருந்து மலிவாகும்போது அது உப்பளக் குடிசை வரைக்கும் வந்துசேர வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அதோடு நின்றுவிடக் கூடாது என்பது இரண்டாவது. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பொதுப்பணத்தில் நடக்கிற ஆய்வுகளில் வெப்பமும் தாகமும் ஓய்வின்மையும் மாறிகளாக வைக்கப்பட வேண்டும். பெண் உடலில் அவை செய்வது தனியாகப் பார்க்கப்பட வேண்டும். ஆணெலியை மட்டும் வைத்து நடத்துகிற வழக்கத்தைக் கேள்விகேட்டு, பெண் விலங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் விதி கொண்டுவந்ததே 2016இல்தான். உப்பளத்தில் தண்ணீர், நிழல், கழிப்பறை, குடிக்க நிற்கும் நேரத்துக்கும் கூலி என்பவற்றைத் ‘தொழிலாளர் நலன்’ என்ற பிச்சைக் கணக்கிலிருந்து எடுத்து ‘சிறுநீரக மருத்துவம்’ என்ற கணக்கில் எழுதக் கேட்க வேண்டும். எலி அதை ஏற்கனவே நிரூபித்துக் கொடுத்துவிட்டது. ஐந்தே வாரத்தில்.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘காரணம் அறியப்படாத’ என்று எங்கே அச்சாகியிருந்தாலும் அதைச் செய்வினையாக்கித் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும்: யார் அறியவில்லை? யாருக்குத் தெரிந்திருந்தது? கேட்டார்களா? மரக்காணத்தில் பாத்தி ஓரம் உட்கார்ந்து, உப்பு வாரும் ஒரு அக்காவிடம் ‘காலையிலிருந்து எத்தனை தடவை தண்ணி குடிச்சீங்க?’ என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு வந்தால், அதுவும் ஓர் ஆய்வறிக்கைதான். அதன் முதல் வாக்கியத்தில் செய்கிறவரும் செய்வதும் தெளிவாக இருக்கும்.